டியர்டவுன் முடியும் வரை நிறுவல் முடியவில்லை: திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர்

பின்னணி

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் நடுத்தர நிறுவனம் அது. கட்டிங், பவர் டேபிள் (தையல் வரிசை), செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. பீஸ் ரேட் கணக்கு, நூல் துணி ஸ்டாக், ஆர்டர், ஷிப்மெண்ட் அனைத்தும் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருளில் இருக்கின்றன. அதன் அடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அது ஓடும் சர்வரில் 7200 சுழற்சி ஹார்டு டிஸ்க் இரண்டு, ரெய்டு 1 முறையில், அதாவது ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் நகலாகும். பஞ்சுத் தூசிக்காக மாதம் ஒருமுறை திறந்து ஊதித் துடைக்க வேண்டிய நிலையில் அந்த சர்வர் இருந்தது.

வாரச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். அக்கவுண்ட்ஸ் பொறுப்பாளர் சிஸ்டம் பிரிவில் இருந்த இளையவரிடம் சொன்ன புகார்: “அஞ்சு மணிக்குச் சம்பள ரன் போட்டா எட்டு மணி வரைக்கும் வேற என்ட்ரி எதுவும் போட முடியறதில்லீங்க தம்பி. ஆளுக கவருக்கு நின்னுட்டே இருக்காங்க.”

கிளவுடுக்கு மாறலாம் என்று ஒரு விற்பனையாளர் திட்டம் கொடுத்தார். அமேசான் கிளவுடின் மும்பை ரீஜியனில் (டேட்டா சென்டர் வட்டாரத்தில்) டி3.லார்ஜ் வகை மெஷின் ஒன்று, அதனோடு மாட்ட 100 ஜி.பி. அளவில் ஜிபி2 வகை வால்யூம் (கிளவுட் டிஸ்க்) ஒன்று. அளந்து பார்க்காமல் மாறுவதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அளக்கும் வேலை இரண்டு பேர் கொண்ட சிஸ்டம் பிரிவுக்கு வந்தது. நிறுவனத்துக்கு ஏற்கனவே ஒரு அமேசான் கணக்கு இருந்தது. அதில் பேக்கப் கோப்புகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கருவியைத் தேர்ந்த காரணம்

பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர் கூகுள் 2015 பிப்ரவரியில் திறந்த மூலமாக வெளியிட்ட, கிளவுட் மெஷின்களின் வேகத்தை அளக்கும் பைத்தான் கருவி. அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. எஃப்.ஐ.ஓ. (டிஸ்க் வேகம்), ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகம்) போன்ற தெரிந்த சோதனைகளைத் தானே ஓட்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளையும் தானே செய்யும். கிளவுடில் தனி நெட்வொர்க் அமைத்து, மெஷினை எழுப்பி, டிஸ்க்கை மாட்டி, சோதனைக்கு வேண்டியதை நிறுவி, ஓட்டி, முடிவை எடுத்துக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடும். இந்த வேலை ப்ரொவிஷன், ப்ரிப்பேர், ரன், க்ளீனப், டியர்டவுன் என்று ஐந்து கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. கிளவுடில் எழுப்பியதை அழிப்பது கடைசிக் கட்டமான டியர்டவுன். நம்மிடமே உள்ள சர்வரையும் ‘ஸ்டாட்டிக் வி.எம்.’ என்று அறிவித்து அதே அளவுகோலால் அளக்கலாம். பழைய சர்வரையும் கிளவுடையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பதால் இந்தக் கருவியே பொருத்தம் என்று முடிவானது. அது சரியான முடிவுதான். பின்னால் வந்த தொல்லைகள் எதற்கும் கருவி காரணமில்லை.

முதல் நாள்: நிறுவல்

அக்கவுண்ட்ஸ் அறையில் சும்மா இருந்த ஒரு மேசைக் கணினியில் உபுண்டு 24.04 லினக்ஸ் போடப்பட்டது. கிட் என்ற நிரல் சேமிப்புக் கருவி வழியாக மூல நிரலை இறக்கி, அதனுடன் வரும் ‘ரெக்வயர்மெண்ட்ஸ்’ கோப்பை (தேவையான தொகுப்புகளின் பட்டியல்) பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையிடம் கொடுத்தபோது முதல் தடை வந்தது. ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி. உபுண்டு 24.04இல் உள்ள பைத்தான் 3.12, இயங்குதளத்தின் சொந்த வேலைகளுக்கும் பயன்படுவது. பிப் அதில் கைவைத்தால், உபுண்டுவின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் போட்ட தொகுப்புகள் குலையலாம். அதனால்தான் தடை. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷன் கொடுத்தால் தடை விலகும். பெயரே எச்சரிக்கை. மூத்தவர் அதை அனுமதிக்கவில்லை.

இயங்குதளத்தைத் தொடாத தனிச் சூழல் ஒன்றை பைத்தானின் வென்வ் கொண்டு உருவாக்கப் போனால் ‘என்ஷ்யூர்பிப் இல்லை’ என்றது. உபுண்டுவில் வென்வ் பைத்தானுடன் முழுதாக வருவதில்லை. பைத்தான்3-வென்வ் என்ற தொகுப்பை ஆப்ட் வழியாகத் தனியே நிறுவ வேண்டும். அதன் பிறகு வேலை நேராக நடந்தது. வரிசை இதுதான்: ஆப்ட் வழியாக கிட், பைத்தான்3-வென்வ், ஹோம் டைரக்டரியில் ஒரு வென்வ், அதை ஆக்டிவேட் செய்தல், மூல நிரலை க்ளோன் செய்து, மாறிக்கொண்டே இருக்கும் மாஸ்டர் கிளையை விட்டுவிட்டு ஒரு வெளியீட்டு டேகில் நிறுத்துதல், முதன்மை ரெக்வயர்மெண்ட்ஸ் கோப்பு, பிறகு ப்ரொவைடர்ஸ் டைரக்டரியில் அமேசானுக்கென்று உள்ள தனி ரெக்வயர்மெண்ட்ஸ் கோப்பு. இந்த இரண்டாவது கோப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அமேசானின் கட்டளைவரிக் கருவி, ரூட் கணக்கின் சாவி இல்லாமல் இதற்கென்று உருவாக்கிய ஐ.ஏ.எம். பயனரின் (அமேசான் கணக்குக்குள் வரம்புள்ள உரிமை கொண்ட துணைப் பயனர்) சாவியுடன்.

‘ஹெல்ப்மேட்ச்’ ஆப்ஷனில் எஃப்.ஐ.ஓ. என்று கொடுத்தால் அந்தச் சோதனைக்கான ஆப்ஷன்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நிறுவல் முடிந்தது என்று அன்றைய பதிவேட்டில் எழுதப்பட்டது. இந்த ஆய்வு எழுதப்படுவதற்கு அந்த ஒரு வரியே காரணம்.

இரண்டாம் நாள்: எழுந்த மெஷின், எட்டாத மெஷின்

முதல் ஓட்டத்துக்கு ‘க்ளஸ்டர் பூட்’ எடுத்துக்கொண்டார்கள். ஒரு மெஷினை எழுப்பி, அது எஸ்.எஸ்.ஹெச். என்ற தொலைதூர இணைப்புக்குத் தயாராக எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பது மட்டும் இதன் வேலை. கூடுதல் மென்பொருள் எதுவும் ஏறாது, சீக்கிரம் முடியும். முதல் சோதனைக்கு இதைவிட நல்லது இல்லை.

ஓட்டம் நகரவில்லை. அமேசான் கன்சோலில் மெஷின் ‘ரன்னிங்’ என்று தெரிந்தது. கருவியோ எஸ்.எஸ்.ஹெச். முயற்சியிலேயே நின்றது. இளையவர் சில நிமிடம் பார்த்துவிட்டு டெர்மினல் சன்னலை மூடினார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் மூடினார். மூன்று முறை.

காரணத்தை மூத்தவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. எழுந்து நின்ற மெஷினின் பொது முகவரிக்கு, எஸ்.எஸ்.ஹெச். பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டில், இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் நெட்கேட் கட்டளையை விட்டார். அலுவலக இணைப்பில் பதில் இல்லை. அதே கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் உடனே பதில் வந்தது. அலுவலக ஃபயர்வால் 80, 443 இரண்டு போர்ட்களை மட்டும் வெளியே விட்டது. அந்த ஒரு கணினிக்கு 22ஐத் திறந்ததும் க்ளஸ்டர் பூட் முழுதாக ஓடி, மெஷினையும் அழித்துவிட்டு முடிந்தது.

மூடிய மூன்று சன்னல்களைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. டெர்மினலை மூடினால் அதில் ஓடும் நிரல் செத்துவிடும், டியர்டவுன் கட்டம் வரவே வராது. மூன்று மெஷின்களும் அவற்றின் நெட்வொர்க்குகளும் மும்பையில் அப்படியே நின்றன.

மூன்றாம் நாள்: மின்தடை

அன்று எஃப்.ஐ.ஓ. சோதனை. டி3.லார்ஜ் மெஷினில், 100 ஜி.பி. ஜிபி2 வால்யூமில், ரேண்டம் ரைட், அதாவது டிஸ்க்கில் அங்கங்கே தகவல் எழுதுவது. நேரத்தையும் செலவையும் சேமிக்க ஓட்டம் 300 நொடிக்குக் குறைக்கப்பட்டது. நொடிக்கு 3000 ரைட் என்று முடிவு வந்தது. பழைய சர்வரோடு ஒப்பிட்டால் பெரிய எண். எல்லோருக்கும் மகிழ்ச்சி. இன்னும் நீண்ட ஓட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடி ஆகும். சர்வர் யூ.பி.எஸ். வரிசையில் இருந்தது, மேசைக் கணினி இல்லை. திரும்ப எழுந்த கணினியில் ஓட்டத்தின் சுவடே இல்லை.

இதற்கான காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். கருவி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரன் யூ.ஆர்.ஐ. என்ற சிறு அடையாளம் கொடுக்கிறது. அந்தப் பெயரில் டெம்ப் டைரக்டரிக்குள் ஒரு இடம் திறந்து, தான் கிளவுடில் உருவாக்கியவற்றின் பட்டியல், மெஷினுக்குள் நுழையும் எஸ்.எஸ்.ஹெச். சாவி, லாக், முடிவுக் கோப்பு எல்லாவற்றையும் அங்கேயே வைக்கிறது. பட்டியல் இருந்தால் போதும். அதே ரன் யூ.ஆர்.ஐ.யைக் கொடுத்து டியர்டவுன் கட்டத்தை மட்டும் பிறகு ஓட்டி அனைத்தையும் அழிக்கலாம். ஆனால் உபுண்டு டெம்ப் டைரக்டரியை ஒவ்வொரு பூட்டின்போதும் காலி செய்கிறது. பட்டியல் போனது, சாவி போனது, காலையில் கிடைத்த 3000 என்ற முடிவின் கோப்பும் போனது. மெஷின், வால்யூம், நெட்வொர்க் மட்டும் போகவில்லை.

ஏழாம் நாள்: வி.பி.சி. எல்லை

வேறு வேலைகளால் மூன்று நாள் யாரும் இதைத் தொடவில்லை. ஏழாம் நாள் தொடங்கிய ஓட்டம் முதல் நிமிடத்திலேயே ‘வி.பி.சி. லிமிட் எக்ஸீடட்’ என்று நின்றது. வி.பி.சி. என்பது கருவி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அமைக்கும் அந்தத் தனி நெட்வொர்க். ஒரு ரீஜியனுக்கு இயல்பாக 5 வி.பி.சி.தான் அனுமதி. கணக்குடன் வரும் டீஃபால்ட் ஒன்று, மூடிய சன்னல்களுடையவை மூன்று, மின்தடையில் விடுபட்டது ஒன்று. ஐந்தும் நிரம்பியிருந்தன.

எல்லையைக் கூட்டச் சொல்லி விண்ணப்பிக்கலாம், பொதுவாகக் கிடைத்துவிடும். அப்படிச் செய்திருந்தால் நான்கு மெஷின்களும் பில் வரும் வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கும். மெஷினுக்கு மணிக்கணக்கில் கட்டணம், வால்யூமுக்கு அது இருக்கும் வரை கட்டணம். பொது ஐ.பி.வி.4 முகவரிக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர். பட்ஜெட் எச்சரிக்கை எதுவும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் அந்தத் தகவல் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், உடனடியாக மணி அடிக்காது.

எடுத்த முடிவுகள்

அளக்கும் வேலையை உடனே நிறுத்தினார்கள். முதலில் கையால் துப்புரவு. கருவி உருவாக்குபவை ரன் யூ.ஆர்.ஐ.யைத் தாங்கியிருக்கும் என்பதால் தேடுவது கடினமாக இல்லை. வரிசை மாறினால் அமேசான் அழிக்க விடாது: முதலில் மெஷின்களை டெர்மினேட் செய்து, அவை முழுதாக மறையும் வரை காத்திருந்து, தனியாக நிற்கும் வால்யூம்களை அழித்து, பிறகு வி.பி.சி. கன்சோலிலிருந்து வி.பி.சி.யை அழித்தால் சப்நெட், செக்யூரிட்டி க்ரூப், இன்டர்நெட் கேட்வே, ரூட் டேபிள் எல்லாம் சேர்ந்து போகும். கடைசியில் எஸ்.எஸ்.ஹெச். கீ பேர்கள்.

இரண்டாவது முடிவு, கருவியை அலுவலகத்திலிருந்து வெளியே எடுப்பது. மேசைக் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்கினால் போதும் என்றும் ஒரு கருத்து இருந்தது. அது மின்தடையைத் தீர்க்கும். ஃபயர்வாலில் செய்த ஓட்டை, கணினியில் கிடக்கும் நிரந்தரச் சாவி இரண்டும் அப்படியே இருக்கும். எனவே கருவியை ஓட்டும் கட்டுப்பாட்டு மெஷினாக மும்பை ரீஜியனிலேயே ஒரு சிறிய டி3.ஸ்மால் மெஷின், 20 ஜி.பி. டிஸ்க்குடன். சாவிக்குப் பதில் மெஷினுக்கே ஒரு ஐ.ஏ.எம். ரோல், அதாவது மெஷினோடு கட்டிய அனுமதி. அலுவலகத்திலிருந்து அதற்குள் செல்ல அமேசானின் செஷன் மேனேஜர் சேவை. அது 443 வழியாகவே வேலை செய்வதால் ஃபயர்வாலில் திறந்த 22 மீண்டும் மூடப்பட்டது. ஓட்டங்கள் அனைத்தும் டிமக்ஸ் என்ற டெர்மினல் காப்பான் உள்ளே, இணைப்பு அறுந்தாலும் அவை தொடரும். பைத்தான் தன் தற்காலிகக் கோப்புகளுக்குப் பார்க்கும் டி.எம்.பி.டிர் என்ற சூழல் மாறி ஹோம் டைரக்டரிக்குள் மாற்றி வைக்கப்பட்டது. முடிவுக் கோப்பு ஜேசான் பாத் ஆப்ஷன் வழியாக வேறொரு டைரக்டரிக்கும் போயிற்று.

மூன்றாவது முடிவு எங்கள் பார்வையில் இந்த நிகழ்விலேயே மிகப் பயனுள்ளது. சோதனை எதையும் ஓட்டாமல், க்ளஸ்டர் பூட்டின் ப்ரொவிஷன் கட்டத்தை மட்டும் ஓட்டி மெஷினை எழுப்பினார்கள். பிறகு கட்டுப்பாட்டு மெஷினை வேண்டுமென்றே ரீபூட் செய்தார்கள். எழுந்ததும் அதே ரன் யூ.ஆர்.ஐ., அதே சோதனைப் பெயர், அதே ஆப்ஷன்களுடன் டியர்டவுன் மட்டும். கன்சோலில் வி.பி.சி. எண்ணிக்கை ஒன்றுக்கு இறங்கியதை இருவரும் பார்த்த பிறகே, பதிவேட்டில் ‘நிறுவல் முடிந்தது’ என்று இரண்டாம் முறை எழுதினார்கள். ஒத்திகைக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

அளவு: 300 நொடியில் தெரியாதது

தொலைந்த முடிவை மீண்டும் எடுக்கும்போது 3000 என்ற எண்ணின் மேல் மூத்தவருக்குச் சந்தேகம் வந்தது. ஜிபி2 வால்யூமின் உரிமை ஒரு ஜி.பி.க்கு நொடிக்கு 3 செயல் (ஒரு படித்தல் அல்லது எழுதுதல் ஒரு செயல்). 100 ஜி.பி.க்கு 300தான். 3000 என்பது சேமிப்பிலிருந்து செலவழிப்பது. புது வால்யூம் 54 லட்சம் செயல்கள் நிறைந்த வாளியுடன் வருகிறது. நொடிக்கு 3000 எடுத்தால், 300 உள்ளே வருவது போக 2700 குறையும். 54 லட்சத்தை 2700ஆல் வகுத்தால் 2000 நொடி, 33 நிமிடம் சொச்சம். 300 நொடி ஓட்டத்துக்கு வாளியின் அடி தெரிய வாய்ப்பே இல்லை.

எஃப்.ஐ.ஓ. ரன்டைமை 3600 நொடியாக்கினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. கருவியின் இயல்பில் ஐ.ஓ. டெப்த் 1, அதாவது ஒரு ரைட் முடிந்த பிறகே அடுத்தது. ஒரு ரைட்டுக்கு ஒரு மில்லிநொடி ஆனால் நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் போகாது, அப்போது அளப்பது தாமதம், வால்யூமின் எல்லை அல்ல. எல்லையைத் தொட டெப்த் 16 வேண்டியிருந்தது. முதல் முறையும் அப்படித்தான் எடுத்திருந்தார்கள், ஆனால் எங்கும் குறித்து வைக்கவில்லை.

ஒரு மணி நேர ஓட்டத்தின் சராசரி 1800ஐ ஒட்டி வந்தது. 2000 நொடி 3000, மீதி 1600 நொடி 300 என்றால் சராசரி அதுவேதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நொடியிலும் வால்யூம் 1800இல் ஓடவில்லை. ஐ.ஓ.பி.எஸ். (நொடிக்கு எத்தனை செயல்) லாக் ஆப்ஷனைப் போட்டு நொடிவாரிப் பதிவை வரைந்தபோதுதான் நேர்கோடும், திடீர்ப் பள்ளமும் கண்ணுக்குத் தெரிந்தன. சராசரியை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் ஏமாறுவது உறுதி.

அதே ஓட்டம் ஜிபி3 வால்யூமில்: தொடக்கத்திலிருந்து முடிவு வரை 3000. ஜிபி3இல் அளவு எதுவானாலும் 3000 அடிப்படை உரிமை, வாளி கிடையாது.

பழைய சர்வரை அளந்த விதத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. எஃப்.ஐ.ஓ. சோதனையை நேரடியாக டிஸ்க் சாதனத்தின் மேல் ஓட்டினால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஸ்டாட்டிக் வி.எம். ஆக அறிவிக்கும் மெஷினில் பாஸ்வேர்டு கேட்காத சூடோவும் (நிர்வாகி உரிமை) தேவை, ஈ.ஆர்.பி. ஓடும் சர்வரில் அதைத் திறந்து வைப்பது தவறு. எனவே அதே மாடல் டிஸ்க்குகள் கொண்ட மாற்று சர்வரில், மவுண்ட் செய்த காலி இடத்தில், கோப்பின் மேல் மட்டும் ஓட்டினார்கள்.

கணக்கு சொன்னது

ஜிபி2 பள்ளத்தில் விழுவதைக் கண்டதும் விற்பனையாளர் திட்டம் தவறு என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை சம்பள ரன் நடக்கும்போது ஓடும் சர்வரில், டிஸ்க் செயல்களைக் கணக்கிடும் ஐஓஸ்டாட் வைத்து எண்ணினார்கள். நொடிக்கு சராசரி 150 செயல், மூன்று மணி நேரம். மொத்தம் 16 லட்சத்துக்குச் சற்று மேல். வாளியில் 54 லட்சம் இருக்கிறது. ஆக, வாரச் சம்பளம் மட்டும் என்றால் ஜிபி2 தாங்கியிருக்கும்.

மாதக் கடைசிச் சனிக்கிழமையில்தான் சிக்கல். சம்பளம், ஸ்டாக் குளோசிங், டேட்டாபேஸின் இரவு ரீஇண்டெக்ஸ் (தேடல் அட்டவணையை மறுபடி கட்டுவது) எல்லாம் ஒரே வாளியிலிருந்து எடுக்கும். காலியானால் மறுபடி நிரம்ப, நொடிக்கு 300 வீதம் ஐந்து மணி நேரம் சும்மா விட வேண்டும். ஜிபி3இன் ஜி.பி. விலை ஜிபி2ஐவிடக் குறைவு என்பதால் இந்தக் கணக்கைச் சுமந்துகொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை. ஜிபி3 என்று முடிவானது. டி3.லார்ஜில் பிராசசருக்கும் 30 சதவீத அடிப்படை, அதற்கு மேல் சேர்த்து வைத்த கிரெடிட் என்று வாளி போன்ற ஏற்பாடு உண்டு. வாரத்தில் ஒரு சாயங்கால வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

பின்னர் நடந்தது

டேட்டாபேஸின் நகலை ஜிபி3 மெஷினில் ஏற்றிச் சம்பள ரன் போட்டபோது மூன்று மணி நேர வேலை 35 நிமிடத்தில் முடிந்தது. நிர்வாகம் ஒப்புக்கொண்டது. விற்பனையாளரும் திட்டத்தில் வால்யூம் வகையை மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார். பார்கோடு பதிவு மட்டும் கிளவுடுக்குப் போகாமல் தொழிற்கூடத்திலேயே இருந்தது. இணைய லைன் போனால் பவர் டேபிள் நிற்கக் கூடாது என்பது காரணம்.

மாற்ற வேண்டியவை

கட்டுப்பாட்டு மெஷினை முதல் நாளே கிளவுடில் வைத்திருக்க வேண்டும். ஃபயர்வால், மின்தடை, சாவி மூன்றும் ஒரே இடமாற்றத்தில் தீர்ந்தன.

ஐஓஸ்டாட் கணக்கு எஃப்.ஐ.ஓ.வுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். நம் சுமை எத்தனை செயல், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் தொடங்கியதால்தான் 300 நொடி என்ற எண் யோசனையின்றி எழுதப்பட்டது.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமானால் சன்னலை மூடாமல் கன்ட்ரோல்-சி ஒருமுறை மட்டும் அழுத்திக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ரன் யூ.ஆர்.ஐ. கொண்டு டியர்டவுன் கட்டத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஏற்கனவே அழிந்திருந்தால் நட்டமில்லை.

ஓட்டியவரின் பெயரை ஓனர் ஆப்ஷனில் தர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் முழுக் கட்டளையும் முடிவோடு சேர்த்துச் சேமிக்கப்பட வேண்டும்.

இப்போது அந்த டி3.ஸ்மால் மெஷின் சோதனை இல்லாத நாட்களில் நிறுத்தி வைக்கப்படுகிறது, 20 ஜி.பி. டிஸ்க்குக்கு மட்டும் கட்டணம். வெள்ளிக்கிழமை மாலை பேக்கப் சரிபார்ப்போடு மும்பை ரீஜியனின் வி.பி.சி. எண்ணிக்கையையும் இளையவர் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார். டீஃபால்ட் ஒன்று, ஈ.ஆர்.பி. ஒன்று. இரண்டுக்கு மேல் இருந்தால் அன்று வீட்டுக்குப் போவதற்கு முன் அதைத் தேடி அழிக்க வேண்டும்.